இன்ஃப்ரசாவ், வியொலசாவ்: எங்கே எது?

போர்த்துகீசியம் படிக்கிறவர்கள் ‘விதிமீறல்’ என்று எழுதப் போகும்போது இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் தடுமாறுகிறார்கள்.

எடை:
இன்ஃப்ரசாவ் – எழுதிவைத்த விதியை மீறுவது.
வியொலசாவ் – கனமானது. உரிமை, ஒப்பந்தம், அந்தரங்கம் மீறப்படும்போது.

சாலை:
பிரேசிலில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அது இன்ஃப்ரசாவ்தான். 1997 போக்குவரத்துச் சட்டம் இதை நான்கு தரமாகப் பிரிக்கிறது: லேசானதுக்கு ஓட்டுநர் உரிமத்தில் 3 தண்டப் புள்ளி, நடுத்தரத்துக்கு 4, கடுமையானதுக்கு 5, மிகக் கடுமையானதுக்கு 7. சிவப்பு விளக்குக்கு 7. இங்கே வியொலசாவ் ஒட்டாது.

ஆபத்து:
இன்ஃப்ரசாவ் – எங்கும் பயமில்லை.
வியொலசாவ் – போர்ச்சுகலில் தனியாகச் சொன்னால் பாலியல் வன்கொடுமை என்றே காதில் விழும். தண்டனைச் சட்டத்தில் அந்தக் குற்றத்தின் பெயரே அதுதான். பிரேசிலில் அதற்கு ‘எஸ்டுப்ரு’ என்ற வேறு சொல் உண்டு. ஆகவே லிஸ்பனில் பேசும்போது எதை மீறியது என்பதைக் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள்.

வினைச்சொல்:
‘வியொலார்’ எளிது. ‘இன்ஃப்ரின்ஜிர்’ (மீறு) என்பதை ‘இன்ஃப்லிஜிர்’ (தண்டனை விதி) என்பதோடு போர்த்துகீசியத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே குழப்பிக்கொள்வார்கள்.

அபராதச் சீட்டு, அலுவலக விதி என்றால் இன்ஃப்ரசாவ். மனித உரிமை என்றால் தயங்காமல் வியொலசாவ்.