கோடக் டி-76 பவுடர்: நம்ம ஊர் வெயிலில் பிலிம் கழுவ எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டிலேயே கறுப்பு வெள்ளை பிலிம் கழுவ ஆரம்பிக்கிறவர்கள் எந்த டெவலப்பர் (பிலிமில் படத்தை வெளியே கொண்டுவருகிற மருந்து) வாங்குவது என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது டி-76 தானுங்க. 1920களில் வந்த ஃபார்முலா, மெட்டால், ஹைட்ரோகுவினோன், போராக்ஸ், நிறைய சோடியம் சல்ஃபைட், அவ்வளவுதான். பழசு என்பதற்காகச் சொல்லவில்லை, நம்ம ஊர் சூட்டுக்கு இது ஒத்துவருகிறது.

டேட்டா ஷீட் எல்லாம் 20 டிகிரிக்கு எழுதியிருக்கும். சித்திரையில் மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்குகிற தண்ணி அதற்குப் பக்கத்தில்கூட இருக்காது. சூடு ஏற ஏற டெவலப் நேரம் சுருங்கும், ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனால் நெகட்டிவ் திட்டுத்திட்டாக வர வாய்ப்பு அதிகம். இல்ஃபோர்டு எச்பி5 பிலிமை டி-76 ஸ்டாக்கில், அதாவது பவுடரைக் கரைத்து வைத்த கரைசலில், அப்படியே கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிஷம், 24-க்குப் போனால் ஐந்தை ஒட்டி வந்துவிடும். அதே ஸ்டாக்கில் சம அளவு தண்ணி கலந்தால் 20-ல் 11 நிமிஷம், 24-லும் ஏழரை நிமிஷம் போலக் கிடைக்கும், அவசரமில்லாமல் பிலிம் கழுவுகிற டேங்கைத் திருப்பித் திருப்பி ஆட்டலாம். அகலமான பேசினில் தண்ணி விட்டு ஐஸ் கட்டி போட்டால் 24-க்குக் கொண்டுவருவது சுலபம், 20-க்கு இறக்கி அங்கேயே பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு.

ரிசல்ட்டைப் பற்றிச் சொல்வதென்றால், கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எடுத்த ரோலைத்தான் காட்டுவேன். காங்கேயம் காளையின் திமிலில் கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பலாக இறங்குகிற இடம் இருக்கிறதே, அது ஒவ்வொரு படியாக நெகட்டிவில் நிற்கிறது, பக்கத்தில் உச்சி வெயிலில் நிற்கிறவரின் வெள்ளை வேட்டியிலும் மடிப்பு தெரிகிறது. சம அளவு தண்ணி கலப்பதால் கிரெய்ன் (படத்தில் தெரிகிற பொடிப் புள்ளிகள்) கொஞ்சம் கூடும், ஆனால் ஷார்ப்னஸும் கூடும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

தொந்தரவு என்றால் கலக்குகிற வேலைதான். 50 முதல் 55 டிகிரி வரை சூடான தண்ணியில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைத்து, ஆறவிட்டு, மறுநாள் பயன்படுத்துவது நல்லது. மாஸ்க், கையுறை கட்டாயம், மெட்டால் சிலருக்குத் தோலில் அலர்ஜி கொடுக்கும். சமையல் பாத்திரத்தைத் தொடவே வேண்டாம். வாங்கும்போது பவுடர் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள், பழுப்பேறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் தண்ணி. சிறுவாணியோ அத்திக்கடவோ வருகிற வீடென்றால் கவலையில்லை. போர் தண்ணி என்றால் கலக்குவதற்கும் கடைசி அலசலுக்கும் பேட்டரி கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் உப்புப் பொட்டு நெகட்டிவில் உட்கார்ந்துகொள்ளும். குழாயைத் திறந்துவிட்டு அலச வேண்டியதில்லை. ஃபிக்சர் (படத்தை நிலைக்க வைக்கிற மருந்து, ஹைப்போ என்பதும் இதுதான்) முடிந்ததும் டேங்கில் தண்ணி நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டி, புதுத் தண்ணியில் 10 தடவை, மறுபடி 20 தடவை. இல்ஃபோர்டு சொல்கிற முறை இது, வாரக்கணக்கில் தண்ணி வராத தெருவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பேட்டர்சன் டேங்கில் 35 எம்எம் ரோல் ஒன்றுக்கு 290 மில்லி போதும், அதனால் மொத்த அலசலும் ஒரு லிட்டருக்குள் முடிகிறது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கும், கேனில் சேர்த்து வையுங்கள், சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ தயவுசெய்து ஊற்றாதீர்கள். நொய்யல் பட்டது போதும்.

ஒரு லிட்டர் பாக்கெட்டில், ரோலுக்கு 150 மில்லி ஸ்டாக் என்று வைத்தால், ஆறு ரோல் கழுவலாம். தண்ணி கலந்த ஸ்டாக்கை ஒரே தடவைதான் பயன்படுத்த வேண்டும். ஸ்டாக்கைக் கழுத்துவரை நிரப்பிய பாட்டிலில் இறுக்கி மூடி வைத்தால் ஆறு மாசம் தாங்கும், பாதி காலியான பாட்டிலில் இரண்டே மாசம். அதனால் பெரிய பாட்டில் ஒன்றுக்குப் பதில் சின்னச் சின்ன பாட்டில்களில் பிரித்து ஊற்றி வைப்பதே சரி. வருஷத்துக்கு இரண்டு மூன்று ரோல்தான் எடுப்பேன் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம், கிரெய்ன் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் வருஷக்கணக்கில் கெடாத ரோடினல் என்கிற டெவலப்பர் அவர்களுக்குப் போதும்.