நிகோட்டின் சூயிங்கம்: விடாமல் மென்றால் வேலை செய்யாது

புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் பொருள்களில் இந்தச் சூயிங்கம் அடிக்கடி தப்பாகப் பயன்படுத்தப்படுகிறது. "விக்கல்தான் வந்தது, ஆசை போகவில்லை" என்று தூக்கிப் போடுபவர்கள் பெரும்பாலும் அதைச் சாதாரண மிட்டாய்க் கம் மாதிரி மென்றிருப்பார்கள்.

இதிலுள்ள நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். வேகமாக மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். மிச்சம் குமட்டலும் நெஞ்செரிச்சலும்தான். குடலில் ஏறுவதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் காரம் சுருக்கென்று தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். ஒரு நிமிடத்தில் சுருக்கு அடங்கும். மறுபடி சில கடி, பிறகு வேறு பக்கம் ஒதுக்கல். சுமார் அரை மணி நேரத்தில் சத்து தீர்ந்துவிடும். துப்பியதைக் காகிதத்தில் சுற்றிப் போடுங்கள். அதில் மீந்திருக்கும் நிகோட்டின் குழந்தைக்கும் நாய்க்கும் ஆபத்து.

வாயில் புளிப்பு இருந்தால் நிகோட்டின் உட்தோலைத் தாண்டாது. அந்தப் புளிப்பை முறிக்கவே சூயிங்கத்தில் கார்பனேட் உப்பு சேர்க்கிறார்கள். காபி, பழச்சாறு, குளிர்பானம் அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடும். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். இவ்வளவு முக்கியமான விஷயம் உள்ளே மடித்த தாளில் பொடி எழுத்தில் கிடக்க, அட்டையின் முகப்பில் புதினா இலை பளபளப்பது எரிச்சல்தான்.

எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர்களுக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. முதல் 6 வாரம் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2–4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4–8 மணி நேரத்துக்கு ஒன்று. நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. கஞ்சத்தனமாக நாலைந்தோடு நிறுத்துவதும் தோல்விக்குக் காரணம்.

வேகம் இதன் பலவீனம். சிகரெட் நிகோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போகும். சூயிங்கத்தின் நிகோட்டின் ரத்தத்தில் உச்ச அளவை எட்ட 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆசை உச்சத்துக்கு வந்தபின் தேடாமல், நேரம் வைத்துப் போடுங்கள். நாள் முழுக்க ஒட்டும் நிகோட்டின் பட்டையோடு சேர்த்தால் பலன் இன்னும் கூடும். பல்செட் கட்டியவர்களுக்கு ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். அவர்கள் சப்பும் நிகோட்டின் மாத்திரைக்குப் போகலாம்.

ஒரு போதைக்கு இன்னொன்றா என்று கேட்பார்கள். அடிமையாக்குவது நிகோட்டின், கொல்வது புகை. புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள், அவற்றில் 70 அளவுக்குப் புற்றுநோய் தருபவை. தாரும் கார்பன் மோனாக்சைடும் சூயிங்கத்தில் கிடையாது. சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படம் பயமுறுத்தும், சரி. பயத்தால் நிகோட்டின் ஆசை அடங்குமா? கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இன்னொன்று: புகை நின்றதும் உடல் காஃபீனைக் கரைக்கும் வேகம் குறையும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் சூயிங்கத்தைக் குறை சொல்லுமுன் காபியைப் பாதியாக்கிப் பாருங்கள்.