மலைப் படம் போட்ட தேயிலைப் பக்கெட்: ஹட்டன் பக்கத்து உறவுகள் கவனிக்கவும்

ஹட்டன் நகரில் ஒரு பலசரக்குக் கடையில் "சுத்தமான உயர்நிலத் தேயிலை" என்று அச்சிட்ட பக்கெட் வாங்கினேன். பாதி விலை. வீட்டில் அதை வெள்ளைத் தட்டில் கொட்டிய மாமியார், விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தொழிற்சாலையில் கூட்டி அள்ளிய கழிவு" என்றார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். செம்பழுப்பு நாரும் காம்பும் தூசியுமாகக் கிடந்தது. பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டதும் சிவப்புச் சாயம் கோடு கோடாக இறங்கியது. நல்ல தேயிலை குளிர்ந்த நீரில் இப்படி உடனே சாயம் விடாது.

பக்கெட்டில் பெரிதாக ஒரு மலைப் படம். பொதி செய்தவர் முகவரி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை. காலாவதித் திகதி, வேறொரு திகதியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது.

கேட்டபோது முதலாளி கோபப்படவே இல்லை. "வேறு பக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணன், பெரிதுபடுத்த வேண்டாம்" என்றார். பற்றுச்சீட்டு கேட்டேன், புத்தகம் முடிந்துவிட்டதாம். மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குப் போனபோது, அந்தப் பக்கெட்டுகள் இருந்த தட்டில் சவர்க்காரம் அடுக்கியிருந்தது.

ஆகவே சொல்கிறேன், கடையில் வாய்த்தர்க்கம் வேண்டாம். சரக்கு ஒளிவதற்குத்தான் அது உதவும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி கலப்படமும் பொய் லேபலும் குற்றம். ஆனால் நீதவான் முன்னால் வழக்கு நிற்க, அதிகாரி கடையிலேயே மாதிரி எடுத்து, அது பகுப்பாய்வுக்குப் போக வேண்டும். நாம் பிரித்துக் கொண்டுபோகும் பக்கெட்டை, "என் கடைச் சரக்கே இல்லை" என்று அவர் ஒரே வார்த்தையில் தட்டிவிடுவார். முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். கழிவுத் தேயிலை என்று சந்தேகம் வந்தால் தேயிலைச் சபைக்கும் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்து பறிக்கிற சனத்துக்கே குப்பையை விற்கிறார்கள், வயிறு எரிகிறது.

பற்றுச்சீட்டு கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் கடமை. தர மறுத்தாலும், ஒட்டிய திகதியைக் கண்டாலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். பக்கெட்டின் இரு பக்கப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.