டிவிடி படங்களை ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் மாற்றுவது: நெடுநாள் புழக்கத்தில் தேறியதும் தேறாததும்

அலமாரியில் கிடக்கும் டிவிடிகளை ஃபோனிலோ டேப்லெட்டிலோ காரிலோ பார்க்கும்படி மாற்ற இன்று காசு செலவழிக்க வேண்டியதில்லை. வட்டிலிருந்து எடுக்க மேக்எம்கேவி, சுருக்க ஹேண்ட்பிரேக், சரிபார்க்க விஎல்சி: இந்த மூன்றும் போதும். ‘ஒரே கிளிக்கில் மாற்றலாம்’ என்று பணம் கேட்கும் மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே ஓடுவதும் இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றுக் கருவியும் எக்ஸ்264 என்ற சுருக்கும் நிரலும்தான்.

மென்பொருளைவிடப் பெரிய விஷயம் எதைப் பார்த்து மாற்றுகிறோம் என்பது. 2005-இல் வந்த வீடியோ ஐபாடின் திரை 320x240, சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியின் திரை 480x272. அந்த அளவுக்கென்றே மாற்றி வைத்த படங்கள் இன்றைய ஃபோனில் மங்கிப்போய், எதற்கும் உதவாமல் கிடக்கின்றன. வட்டில் உள்ள அளவை அப்படியே வைத்து எச்.264 படம், ஏஏசி ஒலி, எம்பி4 கோப்பு என்று மாற்றியவையோ கருவி எத்தனை மாறினாலும் ஓடுகின்றன. எனவே கருவியின் திரையை மறந்துவிட்டு வட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து மாற்றுவதே சரி. கீழே வருவதெல்லாம் அதன் விவரம்தான்.

முதலில் வட்டிலிருந்து எடுப்பது. ஹேண்ட்பிரேக் நேரடியாக டிவிடியைப் படிக்கும் என்றாலும், கடையில் வாங்கிய வட்டுகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு உண்டு. அதை ஹேண்ட்பிரேக் தானாகத் திறக்காது. மேக்எம்கேவி திறக்கும், டிவிடிக்கு அது இலவசம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. சில நாடுகளில் சட்டம் இன்னும் கடுமை. காசு கொடுத்து வாங்கிய வட்டு, சொந்தப் பார்வை என்ற வரம்புக்குள் நின்றுகொள்வது நல்லது.

மேக்எம்கேவியில் வட்டைத் திறந்ததும் வட்டில் உள்ள தனித்தனி வீடியோக்கள், அதாவது டைட்டில்கள், வரிசையாக வரும். இருப்பதிலேயே நீளமாக ஓடுவதுதான் பெரும்பாலும் படம். மற்றவை பாட்டு, டிரெய்லர், விளம்பரம். படத்தை மட்டும் டிக் செய்து, வேண்டிய ஒலியையும் சப்டைட்டிலையும் வைத்துக்கொண்டு சேமித்தால் 4 முதல் 7 ஜிபி வரை ஒரு எம்கேவி கோப்பு கிடைக்கும். இதில் எந்தச் சுருக்கமும் நடப்பதில்லை, தரம் இம்மியளவும் குறையாது. இந்தக் கோப்பை ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக வைத்துக்கொண்டால் பிறகு அமைப்பு பிடிக்காவிட்டாலும் வட்டைத் திரும்பத் தேய்க்க வேண்டாம். சில ஹாலிவுட் வட்டுகள் திருட்டைத் தடுக்கவென்றே 99 டைட்டில் காட்டும், எல்லாமே ஒரே நீளத்தில். அப்போது விஎல்சியில் வட்டை ஓடவிட்டு, படம் தொடங்கியதும் பிளேபேக் மெனுவில் எந்த டைட்டில் ஓடுகிறது என்று பார்த்து அதை மட்டும் எடுக்கலாம்.

படிக்கும்போது வரும் பிழையை வாசித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் மருந்து வேறு வேறு. ‘எல்-ஈசி அன்கரெக்டபிள் எரர்’ என்று வந்தால் வட்டில் கீறல் அல்லது அழுக்கு. ‘ஸ்கிராம்பிள்ட் செக்டர் வித்தவுட் ஆதன்டிகேஷன்’ என்று வந்தால் வட்டின் மேல் குறை இல்லை. டிரைவின் ரீஜன் (எந்தப் பகுதி நாடுகளின் வட்டை ஓடவிடலாம் என்ற எண்) ஒத்துப்போகவில்லை அல்லது பூட்டின் சாவி பரிமாற்றம் நடக்கவில்லை. இந்தியா ரீஜன் 5. டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும். ஆகவே வெளிநாட்டு வட்டு ஒன்றுக்காக அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி ரைட்டர் நடுவில் நின்று நின்று படித்தால், வட்டைக் குறைசொல்லும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர். மோட்டார் வேகமெடுக்கும்போது அதற்கு மேலும் இழுக்கும். ஹப்பில் போடாமல் கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகினால் பாதிப் பிழைகள் காணாமல் போய்விடும். வட்டைத் துடைப்பதென்றால் கண்ணாடி துடைக்கும் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராக. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும்; அவ்வளவு தொடர்ச்சியாகத் தரவு போனால் பிழைதிருத்தத்தால் ஈடுகட்ட முடியாது. டிவிடி என்பது 0.6 மி.மீ. தடிமனான இரண்டு தகடுகளை ஒட்டியது, தரவு இருப்பது நடுவில். கீழ்ப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டுத் தேற்றலாம். ஒட்டு விட்டு உள்ளே கறை படர்ந்திருந்தால் பாலிஷால் பயனில்லை. வேறொரு டிரைவில் போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

இனிதான் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம். எடுத்த எம்கேவியை உடனே ஹேண்ட்பிரேக்கில் போடாமல் விஎல்சியில் திறந்து, வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை (அசைவில் தெரியும் கோடுகளை மறைக்கும் வசதி) அணைத்துவிட்டு, கேமரா பக்கவாட்டில் நகரும் ஒரு காட்சிக்குப் போங்கள். நடனக் காட்சி இதற்கு ரொம்பத் தோது. அங்கே நிறுத்தி, ‘ஈ’ விசையைத் தட்டத் தட்டப் படம் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். பத்துப் பதினைந்து ஃபிரேம் பார்த்தாலே வட்டின் ஜாதகம் தெரிந்துவிடும்.

எல்லா ஃபிரேமும் சுத்தமாக இருந்தால் கவலையில்லை, எந்த ஃபில்டரும் வேண்டாம். 3 ஃபிரேம் சுத்தம், அடுத்த 2 ஃபிரேமில் கை கால் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு, மறுபடி 3 சுத்தம் என்று வந்தால் அது டெலிசினி: நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியின் 29.97-க்கு இழுத்திருக்கிறார்கள். ஹேண்ட்பிரேக்கில் டீடெலிசின் ஃபில்டரைப் போட்டு, ஃபிரேம் ரேட்டை 23.976, கான்ஸ்டன்ட் என்று வைத்தால் அசல் ஃபிரேம்கள் திரும்பிவிடும். இந்த வட்டுக்கு டீஇன்டர்லேஸ் போடுவதுதான் வழக்கமான தவறு. கோடு மறையும், ஆனால் நான்கில் ஒரு ஃபிரேம் இரட்டிப்பாகி, கேமரா நகரும்போதெல்லாம் படம் தத்தித் தத்திப் போகும். அசையும் இடமெல்லாம் எல்லா ஃபிரேமிலும் கோடு இருந்தால் அது வீடியோவாகவே எடுத்தது: கச்சேரி, மேடை நாடகம், கல்யாண வீடியோ. இதற்கு ஹேண்ட்பிரேக்கின் டீகோம்ப் அல்லது பிடபிள்யூடிஐஎஃப் ஃபில்டர்.

நான்காவது வகை தமிழ்ப் பட வட்டுகளில் அடிக்கடி மாட்டும். இந்தியாவின் அனலாக் டிவி முறை பால் (நொடிக்கு 25 ஃபிரேம்) என்றாலும் படங்களின் டிவிடிகள் வெளிநாட்டுச் சந்தையையும் குறிவைத்து வந்ததால் கணிசமானவை என்டிஎஸ்சி. பால் மாஸ்டரை மலிவாக என்டிஎஸ்சிக்கு மாற்றியபோது அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கலந்துவிட்டிருப்பார்கள். நிறுத்திப் பார்த்தால் கோடு இருக்காது. நடிகரின் முகத்துக்குப் பக்கத்திலேயே ஆவி மாதிரி இன்னொரு முகம் தெரியும். இதை எந்த ஃபில்டராலும் முழுதாகப் பிரிக்க முடியாது. டீகோம்ப் போட்டு, ஃபிரேம் ரேட்டை வட்டில் உள்ளபடியே விட்டு, அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது படத்தின் வடிவம். பால் டிவிடி 720x576, என்டிஎஸ்சி 720x480. அகலத்திரை வட்டில் இந்தப் புள்ளிகளைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் காட்ட வேண்டும். ஹேண்ட்பிரேக் அந்தக் குறிப்பைக் கோப்பில் எழுதிவிடும், ஃபோன்களும் அதை மதிக்கும். கார் ஸ்டீரியோக்களும் மலிவான டிவிகளும் பல நேரம் மதிப்பதில்லை; எல்லோருக்கும் முகம் நீண்டுவிடும். எங்கும் ஓட வேண்டுமென்றால் டைமென்ஷன் பக்கத்தில் அனமார்ஃபிக் என்பதை ‘நன்’ ஆக்கி, கறுப்புப் பட்டை இல்லாத முழுச் சட்டத்தை பாலுக்கு 1024x576, என்டிஎஸ்சிக்கு 854x480 என்று வையுங்கள். பட்டையை வெட்டினால் உயரம் அதற்கேற்பக் குறையும். இதற்கு மேல் 1080-க்கு உயர்த்துவது கோப்பைத்தான் பருமனாக்கும், இல்லாத விவரத்தைக் கொண்டுவராது.

பழைய தமிழ் வட்டுகளில் சினிமாஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு அடைத்திருப்பார்கள். கணக்குப் போட்டால் 2.35:1 படத்துக்கு அதில் மிஞ்சுவது பாலில் சுமார் 327 வரி, என்டிஎஸ்சியில் 272 வரி. அதே படம் ஒழுங்கான அகலத்திரை வட்டில் வந்திருந்தால் 436, 363. ஒரே படத்துக்கு இரண்டு வெளியீடு கையில் இருந்தால் எதை மாற்றுவது என்பதற்கு இந்தக் கணக்கே பதில். கறுப்புப் பட்டையை ஹேண்ட்பிரேக் தானாக வெட்டும். ஆனால் 10 இடங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கும். இருட்டுக் காட்சிகளில் ஏமாந்து படத்தையே வெட்டிவிடுவதும் உண்டு. பிரிஃபரன்ஸில் முன்காட்சி எண்ணிக்கையை 30 ஆக்கினால் இது பெரும்பாலும் சரியாகும்.

தர அமைப்பில் குழம்ப ஒன்றுமில்லை. எக்ஸ்264, ஆர்எஃப் என்ற தர எண் 20. டிவிடிக்கு 18 முதல் 22 வரை எதுவும் சரி. எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும், 6 இறக்கினால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பு. ஆர்எஃப் 20-இல் சராசரி 1200 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) வந்தால், ஒலியையும் சேர்த்து இரண்டரை மணி நேரப் படம் 1.5 ஜிபி. பிரிண்ட் பழசாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் அந்தப் புள்ளிகளே பாதி இடத்தைத் தின்றுவிடும். புள்ளிகளை மழுக்கும் என்எல்மீன்ஸ் ஃபில்டரை ‘அல்ட்ராலைட்’டில் வைத்தால் அளவு குறையும், நேரம் இழுக்கும். அடுத்த தலைமுறைச் சுருக்கமான எக்ஸ்265 இடத்தை மிச்சப்படுத்தும்தான், ஆனால் டிவிடி அளவுப் படத்தில் மிச்சமாவது சில நூறு எம்பி. அதற்காகக் கார் ஸ்டீரியோவில் படமே ஓடாமல் போவது கட்டுப்படியாகாது. கிராஃபிக்ஸ் கார்டு வழியாக மாற்றினால் வேகம் உண்டு, அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். நொடிக்கு 125 ஃபிரேம் போடும் கணினி பால் படம் ஒன்றை அரை மணி நேரத்தில் முடித்துவிடும் என்பதால் அந்த வேகம் டிவிடிக்குத் தேவையும் இல்லை.

‘படம் வருது, சத்தம் வரல’ என்ற புகாருக்குக் காரணம் டிவிடியின் ஏசி-3 ஒலி. பல ஃபோன்களில் அதற்கான டிகோடர் கிடையாது. விஎல்சியில் கேட்கும், ஃபோனோடு வரும் பிளேயரில் கேட்காது. ஆகவே முதல் டிராக் எப்போதும் ஏஏசி ஸ்டீரியோ, 160 கேபிபிஎஸ். வீட்டில் ஹோம் தியேட்டர் இருந்தால் மட்டும் அசல் 5.1 (ஆறு சேனல்) ஒலியை இரண்டாவது டிராக்காகப் பாஸ்த்ரூ செய்யலாம், அதாவது மாற்றாமல் அப்படியே சேர்க்கலாம். 5.1-ஐ ஸ்டீரியோவாக மடக்கும்போது இன்னொரு தொல்லை: வசனம் முணுமுணுப்பாகவும் பாட்டும் சண்டையும் காதைக் கிழிப்பதாகவும் ஆகிவிடும். பஸ்ஸில் ஹெட்போன் போட்டுப் பார்ப்பவருக்கு இது நரகம். ஹேண்ட்பிரேக்கின் ஆடியோ பக்கத்தில் டிஆர்சி என்றொரு நகர்த்தி உண்டு. அதை 2 அளவில் வைத்தால் தாழ்ந்த ஒலி உயரும். மூல ஒலி ஏசி-3 ஆக இருந்தால்தான் இது வேலை செய்யும். கெயினைக் கூட்டுவது இதற்கு மாற்றல்ல. பாட்டும் சேர்ந்து கத்தும்.

டிவிடி சப்டைட்டில் எழுத்தல்ல, படம். எம்பி4-க்குள் அப்படியே வைத்தால் பெரும்பாலான பிளேயர்கள் காட்டாது. படத்தின் மேலேயே பதித்துவிடலாம், பிறகு அணைக்க முடியாது. பொறுமை உள்ளவர்கள் சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஓசிஆர் செய்து (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுத்து) எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பாக்கிக்கொள்வார்கள். ஆங்கில எழுத்துக்கு அது நன்றாகவே வருகிறது. சின்ன எல்லும் பெரிய ஐயும் மாறுவதை மட்டும் கண்ணால் திருத்த வேண்டும்.

காருக்குப் பென்டிரைவில் போடுவோருக்கு இரண்டு விஷயம். ஃபிரேம் ரேட் கான்ஸ்டன்ட் ஆக இல்லாவிட்டால் சில ஸ்டீரியோக்களில் போகப் போக வாயசைவும் வசனமும் பிரிந்துவிடும். பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எம்கேவி மூலக் கோப்பை அப்படியே போட முயல்பவர்கள் முட்டிக்கொள்வது இங்கேதான்.

கடைசியாக மூன்று படம் ஒரே வட்டில் வந்த மலிவு டிவிடிகள். 4.7 ஜிபி வட்டில் மூன்று படமென்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 1.57 ஜிபி, இரண்டரை மணி நேரத்துக்கு ஒலியோடு சேர்த்தே 1400 கேபிபிஎஸ் தேறாது. டிவிடியின் எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம் கண்ணுக்கு உறுத்தாமலிருக்க அதைப்போல மூன்று நான்கு மடங்கு வேண்டும். இத்தகைய வட்டில் வேகமான காட்சியெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். ஆர்எஃப் 20-இல் மாற்றினால் அந்தக் கட்டங்களையே உண்மையான விவரம் என்று எண்ணி எக்ஸ்264 கவனமாகக் காப்பாற்றும், கோப்பும் ஏறக்குறைய அதே அளவில் வரும். மேக்எம்கேவி தந்த கோப்பையே ஃபோனில் ஏற்றி விஎல்சியில் பார்த்துவிடலாம். மாற்றியே ஆகவேண்டுமென்றால் ஆர்எஃப் 22-உம் கட்டங்களை மழுக்கும் லேசான டீபிளாக் ஃபில்டரும் போதும்.