சி.ஆர். 1009 சப்-1 விதைநெல்: கடைமடையில் போட்டுப் பார்த்ததில்

நாகை மாவட்டத்தில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையான தலைஞாயிறு பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு நவம்பர் வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். மேலே பெய்த மழையும் எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போகணும். அடப்பாறு நிரம்பிவிட்டால் வடிகால் தண்ணீர் வயலுக்கே திரும்பி ஏறும். அதனால்தான் சம்பாவுக்குப் பழைய சி.ஆர். 1009 நெல்லை விட்டு, அதிலேயே வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் என்று சொல்லும் சப்-1 ரகத்துக்கு மாறினேன்.

சரி, சொன்ன வேலையைச் செய்கிறதா? செய்கிறது. சாதாரண நெல் மூழ்கினால் தண்டை நீட்டி மேலே வரப் பார்க்கும். இருக்கிற சத்தையெல்லாம் அதிலேயே கரைத்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் படுத்துவிடும். இது வளராமல் அடங்கிக் கிடக்கும், ஏறக்குறைய இரண்டு வாரம் வரை. ஒடிசா நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த குணமாம். எங்கள் வயலில் தண்ணீர் வடிந்தபோது இலையெல்லாம் சேறு அப்பி, பழுத்து, பார்க்கவே சகிக்கவில்லை. ஒரு தூரைப் பிடுங்கிப் பிரித்தால் உள்ளே குருத்து மட்டும் பச்சையாக, கெட்டியாக இருந்தது. யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் ராத்திரியே கலந்து வைத்து, காலையில் பொட்டாஷ் சேர்த்து வீசினோம். பயிர் தேறிவிட்டது. வேறு ரகம் போட்டிருந்த பக்கத்து வயல் மாமா மறுநடவுக்கு நாற்று தேடி அலைந்துகொண்டிருந்தார்.

ஆனால் எல்லா வெள்ளத்துக்கும் இது மருந்து இல்லை. நேரடி விதைப்பில் முளைக்கும் முன்பே தண்ணீர் நின்றால் இந்த விதையும் அழுகும். 2021 ஜனவரி மாதிரி அறுப்பு நேரத்தில் கொட்டினால் இதுவும் சாயும்.

அப்புறம், வயது 155 நாள். ஆகஸ்டில் விதைத்தால்தான் சரிப்படும். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர், 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தது. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பருவம் போய்விடும். அந்த மாதிரி வருஷத்துக்கு 130 நாள் வயதுள்ள டி.கே.எம். 13 ரகம்தான் தோது.

குண்டு நெல் என்பதால் கொள்முதலில் பொது ரக விலைதான். இட்லிக்கு அருமை, சோற்றுக்கு எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

வாங்கும்போது மூட்டையில் சான்று பெற்ற விதைக்கான நீல அட்டை இருக்கிறதா, அதில் சப்-1 என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கடையில் பழைய 1009-ஐயே ‘ரெண்டும் ஒண்ணுதாங்க’ என்று கொடுக்கப் பார்த்தார்கள். நெல்லைக் கையில் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.