திரும்பப் படிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

தேர்வு நெருங்கினால் ஹாஸ்டல் வராந்தாவில் இரண்டு கட்சி. ஒன்று ஜெராக்ஸ் நோட்ஸைத் திரும்பத் திரும்பப் புரட்டும். மற்றது ஒருமுறை படித்துவிட்டு மூடி, நினைவில் நின்றதை வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்கும்.

2006-இல் வெளியான ஓர் ஆய்வில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து? 42-க்கு 56. தலைகீழ்!

வேடிக்கை, அதே ஆய்வின் இன்னொரு சோதனையில் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம். பழகிய வரி கண்ணில் பட்டாலே தெரிந்துவிட்டதுபோல் இருக்கும். எழுதிப் பார்ப்பதோ எரிச்சல். பாதியில் பேனா நின்றுவிடும்.

இன்னும் ஐந்து நிமிடத்தில் தேர்வென்றால் புரட்டுங்கள், அரியர் வைத்தவன் நான், குறை சொல்லமாட்டேன். அடுத்த வாரமென்றால் நோட்டை மூடுங்கள்.