பூக்கடை பில்லிங் மென்பொருள்: ஏஜென்ட்டுக்கான விளக்கம் எப்படி?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கான இந்த மென்பொருளில், நாம் சொல்வதைப் புரிந்து வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்ட்டை இணைக்கலாம். அது அழைத்துப் பயன்படுத்தும் ஒவ்வொரு வசதியும் ஒரு ‘டூல்’; அதன் விளக்கத்தைப் படித்துத்தான் ஏஜென்ட் அதைப் பயன்படுத்தும். பில் போடும் டூலின் விளக்கம் அருமை: எப்போது அழைக்கணும், எப்போது கூடாது, இரண்டுமே இருக்கிறது.

கோளாறு சரக்கு வரவு டூலில். ‘அளவு: எண்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். கிலோவா, கிராமா? “500 கிராம் மல்லி” என்றால் ஏஜென்ட் வெறும் 500 அனுப்பும். மென்பொருள் அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால், கணக்கில் அரை டன் மல்லி ஏறிவிடும். மல்லி விற்கிற விலைக்கு இது சின்னத் தப்பில்லை. பெயரையே ‘எடை_கிலோ’ என்று மாற்றி, ‘அரை கிலோவுக்கு 0.5’ என்று ஓர் உதாரணமும் கொடுத்தால் போதும்.

தேதிக்கு 2025-04-03 வடிவம் கட்டாயம், 03/04 என்றால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்று குழப்பும்.

பிழைச் செய்தி ‘தவறு’ என்று நின்றுவிடுகிறது. எந்தப் புலம் (எடையா, தேதியா), என்ன மதிப்பு வேண்டும் என்று சொல்லாததால், ஏஜென்ட் அதே கோரிக்கையையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது.